மூன்றாம் தொட்டி தெளிந்தபோது

ஐந்து ஜாடிகளில் அழுக்கு, சொன்ன பேச்சைக் கேட்டு, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆறாவது ஜாடியில் மட்டும் அது படுக்கவில்லை. வெள்ளைத் திப்பியாகத் திரண்டு, கண்ணாடியின் ஒரு பக்கமாக, அவன் நின்ற பக்கமாக, ஒட்டிக்கொண்டு நின்றது.

மேசை சாய்ந்திருக்கும் என்று நினைத்து, அதன் காலுக்கடியில் மடித்துவைத்திருந்த அட்டையை எட்டி உதைத்துச் சரிசெய்தான். பிறகு ஜாடியைப் பாதிச் சுற்று திருப்பிவைத்தான். திப்பி சுவர்ப்பக்கம் போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அவன் மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி இந்தப் பக்கம் வந்திருந்தது.

ஆலையில் அவனை மூக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதல்ல. ஆனால் எந்தத் தொட்டியில் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று சோதனைத் தாளை நனைத்துப் பார்க்கும் முன்பே மோந்து சொல்லிவிடுவான். சமையல் எண்ணெயைச் சுத்தப்படுத்துகிற ஆலை அது. எண்ணெயைக் காஸ்டிக் காரம் போட்டுக் கழுவிய தண்ணீரெல்லாம் பின்பக்கத்துக் கொட்டகைக்குத்தான் வரும். பார்க்கப் பால் போலிருக்கும், மோந்தால் பழைய சோப்பு நாறும். அப்படியே விட்டால் மாதக்கணக்கில் பாலாகவே நிற்கும், கொழுப்பு அவ்வளவு பொடிப்பொடியாகக் கரைந்து கிடக்கும். ஆசிட் விட்டு அதை உடைத்து, மேலே மிதக்கிற கொழுப்பை வழித்து, சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு, கடைசியில் பாலிமர் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கண்ணுக்குத் தெரியாமல் சிதறிக் கிடந்ததெல்லாம் ஒன்றையொன்று தேடிப்பிடித்துத் திரளும். எதை எவ்வளவு போடுவது என்று முதலில் தொட்டித் தண்ணீரை ஆறு ஜாடிகளில் எடுத்துச் சிறிதாகச் செய்துபார்த்துக்கொள்வார்கள்.

சிதறினதைச் சேர்த்துவைக்கிற வேலை என்று தங்கையிடம் ஒருமுறை பெருமையடித்திருக்கிறான். அப்படியானால் என் வீட்டுக்காரரையும் கூடச் சேர்த்துக்கொள்ளேன், வேலையில்லாமல் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று அவள் சிரித்தாள். அவன்தான் மேனேஜரிடம் சொல்லி மச்சானை இந்தக் கொட்டகைக்குக் கொண்டுவந்தான்.

லேப் மேடம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வயதில் தங்கையைவிடச் சின்னவர், வேலையில் கறார். ஆறு ஜாடிகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்திலும் தண்ணீர் லேசாகக் கலங்கித்தான் இருந்தது. ஆறாவதில், திப்பி நின்ற இடம் போக மிச்சமெல்லாம், பின்னால் தொங்கிய நாள்காட்டியின் தேதியைப் படிக்கிற அளவுக்குத் தெளிந்திருந்தது.

"இதையே எடுத்துக்கலாம். இதே கணக்குல மூணாம் தொட்டிக்குப் போட்டுடுங்க."

"அது ஒரு மாதிரி நிக்குது மேடம். படிய மாட்டேங்குது."

"நிக்கட்டும். நமக்குத் தண்ணிதானே வேணும்."

மூன்றாம் தொட்டியைத் தொடாமல் இருக்க அவன் சொல்லாத சாக்கு இல்லை. பம்பு எரிந்துவிட்டது என்றான். புதுப் பம்பு வந்ததும் குழாய் பொருந்தவில்லை என்றான். குழாயும் வந்தது. திங்கட்கிழமை அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள், அதற்குள் தொட்டி தெளிந்து காலியாக வேண்டும் என்று மேலிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சின்னத் தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லாததால், மருந்தையெல்லாம் மூன்றாம் தொட்டியிலேயே நேராகக் கொட்டிக் கலக்க முடிவாயிற்று. காலை ஷிப்ட்காரர்கள் ஆசிட் விட்டு, மேலே மிதந்த கொழுப்பை எல்லாம் வாளியில் வழித்தெடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கொழுப்பில் ஏதாவது கிடைத்ததா என்று அவர்களிடம் இரண்டு தடவை கேட்டான். என்ன கிடைக்கும், உன் மூக்கா என்று கேலி செய்துவிட்டுப் போனார்கள்.

ஒன்றும் கிடைக்கவில்லை என்றதும் அவனுக்குப் பாதி உயிர் வந்தது.

மேடம் ஆறாவது ஜாடியைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆலையின் முன்கட்டிடத்துக்குப் போனார். போகும்போது, அழுகின முட்டை நாற்றம் வருகிறது, தொட்டி மேல் ரொம்ப நேரம் குனியாதீர்கள், வாயு மீட்டரை ரிப்பேரிலிருந்து வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றார். அவன் தலையாட்டினான். பழைய கசடில் ஆசிட் விழுந்தால் அந்த வாயு கிளம்பும் என்பது அவனுக்குத் தெரியாததா? நாறுகிறவரை பயமில்லை. நாற்றம் திடீரென்று நின்றால்தான் ஆபத்து. வாயு போனதால் அது நிற்பதில்லை, மூக்கு செத்ததால் நிற்கிறது. வேலைக்குச் சேர்கிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்கிற பாடம் இது. மச்சானுக்கு அவனே சொல்லியிருக்கிறான்.

மணி மூன்றரைதான். ஆனால் வெளியே மழை இருட்டு. கொட்டகைத் தகரத்தில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்துக்கடியில் மூன்றாம் தொட்டியின் இரும்பு மூடி திறந்து கிடந்தது. பன்னிரண்டு அடி ஆழம். உள்சுவரோடு இரும்பு ஏணி ஒன்று இறங்கும். தண்ணீர் மேலிருந்து ஐந்தரை அடி இறங்கியிருந்ததால், ஏணியின் முதல் நாலு படிகள் மட்டும் வெளியே தெரிந்தன, மற்றதெல்லாம் வெள்ளைக்குள்.

சுண்ணாம்பு மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து பிரித்துக் கொட்டினான். ஆறாவது ஜாடிக் கணக்குப்படி பதினோரு மூட்டை. மூலையில் அடுக்கியிருந்ததே பன்னிரண்டுதான். ஒன்பதாவதை இழுத்தபோது அதன் பின்னாலிருந்து நீலத் துணிப்பை ஒன்றின் காது எட்டிப்பார்த்தது.

கை அப்படியே நின்றது. அந்தப் பையை அங்கே ஒளித்துவைத்தது அவனேதான். இருந்தாலும், அதுவாக எழுந்து வந்ததைப்போல இருந்தது. பையைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

நாற்பத்தேழு நாட்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், இந்தத் தொட்டி காலியாக இருந்தது. மச்சானும் அவனும் ஒரே ஷிப்ட். இரண்டு பேருக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவன் சீக்கிரம் கிளம்பினால் மற்றவன் ரெஜிஸ்டரில் அவனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு, ஷிப்ட் முடிகிறபோது கேட்டில் கொடுத்துவிடுவான். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. ஆலையில் பாதிப்பேர் செய்கிற காரியம்தான். அன்று நாலு மணிக்கு மச்சான் கதவில் தலையை நீட்டினான். இரைச்சலுக்குப் பயந்து எப்போதும்போல இரண்டு காதிலும் பஞ்சு. நான் கெளம்பறேன் மச்சான், போட்டுடு என்றான். இவனும் அப்போதே பேனாவைத் திறந்து, வெளியேறிய நேரம் ஆறு மணி என்று எழுதி, மச்சான் கையெழுத்தைப் போட்டான்.

கால் மணி நேரம் கழித்து, கழுவு தண்ணீர் வருகிறது என்று ஆலைக்குள்ளிருந்து போன் வந்தது. மூன்றாம் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டான். போய் எட்டிப்பார்க்கவில்லை. எதற்குப் பார்ப்பது, கொட்டகையில் அவனைத் தவிர யார் இருக்கிறார்கள்?

அப்போதுதான் குழாயில் மூன்று தட்டு கேட்டது.

பம்பு இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால் ஸ்பேனரால் குழாயைத் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு தட்டு, போடு. மூன்று தட்டு, நிறுத்து. கேட்டவன், கேட்டது என்பதற்கு ஒரு தட்டு பதில் தட்ட வேண்டும். மூன்று தட்டு கேட்டது. மறுபடி மூன்று. அப்புறம் கணக்கில்லாமல், கன்னாபின்னாவென்று. அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, குழாயில் காற்று புகுந்து உதறுகிறது என்று நினைத்துக்கொண்டான். மச்சான்தான் போய்விட்டானே. ரெஜிஸ்டரில் எழுதியிருக்கிறதே, மை கூடக் காயவில்லையே. தன் கையால் எழுதியதைத் தானே நம்பினான்.

மறுநாள் காலையில் ஆணியில் மச்சானின் சாப்பாட்டுப் பை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கிளம்பினவன் பையை விட்டுவிட்டா போவான்? தொட்டியின் அடிச்சல்லடை அடைத்திருப்பதைப் பார்த்து, போகிற போக்கில் இவனுக்கு ஒரு வேலை குறையட்டும் என்று ஏணியில் இறங்கியிருப்பானோ? அடிக்கசடைக் கிளறியதில் வாயு கிளம்பி, திரும்ப ஏறத் தெம்பில்லாமல் குழாயைத் தட்டியிருப்பானோ? அதற்குமேல் நினைக்கவில்லை. பையை எடுத்து மூட்டைகளுக்குப் பின்னால் திணித்தான். போலீஸ் வந்து கேட்டபோது ரெஜிஸ்டரைக் காட்டினான். வெளியே போனவனை உள்ளே யார் தேடப்போகிறார்கள்? வேறு ஒருத்தியோடு போய்விட்டான் என்று தெருவே பேசிற்று. தங்கை தலைகுனிந்து நடந்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டை வரை வரும். சொன்னால் வேலை போகும், ஜெயிலுக்குக்கூடப் போக நேரிடும். அதெல்லாம் போகட்டும். அவள் முகத்தை அதற்கப்புறம் எப்படிப் பார்ப்பது? இருக்கிற ஒரே தங்கை. விழுங்கிக்கொள்வான்.

எனக்குத் தெரியாது, எனக்கு எதுவும் தெரியாது என்று நாற்பத்தேழு நாளும் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் காரத்தண்ணீரில் என்னவெல்லாம் கரையும் என்று அவனுக்குத் தெரியும். ஒருமுறை தோல் கையுறை ஒன்று உள்ளே விழுந்தது. ஒரு மாதம் கழித்துத் தொட்டியைக் காலி செய்தபோது தையல் நூல் மட்டும் கிடைத்தது.

பதினோரு மூட்டையும் முடிந்தது. படிகாரக் கரைசலை விட்டான். காற்று ஊதுகிற புளோயரைப் போட்டதும் அடியிலிருந்து காற்றுக்குமிழிகள் கிளம்பி, தொட்டி முழுக்க உலை கொதிப்பதுபோலக் கொப்பளித்தது. சோப்பு வாடை, சுண்ணாம்பின் காரல், எல்லாவற்றுக்கும் மேலே அந்த அழுகின முட்டை நாற்றம். அவன் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு பாலிமர் குழாயைத் திறந்துவிட்டான். பாகு போன்ற கரைசல் நூலாக இறங்கியது. இரைச்சலும் மழையும் சேர்ந்து காதை அடைத்தன.

டங். டங். டங்.

குழாய் உதறுகிறது. காற்று. புதுப் பம்பு, புதுக் குழாய், உதறத்தான் செய்யும்.

டங். டங். டங்.

அவன் ஓடிப்போய் புளோயரை நிறுத்தினான். பம்பை நிறுத்தினான். குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்கின. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. எந்தக் குழாயிலும் தண்ணீர் ஓடவில்லை, காற்று ஓடவில்லை. உதற எதுவும் இல்லை.

டங். டங். டங்.

கொட்டகைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். ஓடிவிடலாம். மழையோடு மழையாக முன்கட்டிடத்துக்கு ஓடி, அங்கே வெளிச்சத்தில், நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் மேடம் வருவார். வந்து தொட்டியைத் தனியாகப் பார்ப்பார். உள்ளே என்ன இருந்தாலும் அதை முதலில் தான்தான் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த நினைப்புதான் அவனைத் தொட்டியருகே கொண்டுபோய் நிறுத்தியது, தைரியம் ஒன்றும் இல்லை.

தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது.

இவ்வளவு வேகமாகத் தெளிந்து அவன் பார்த்ததில்லை. வெள்ளை மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே வந்தது, யாரோ அடியிலிருந்து போர்வையைப் பிடித்து இழுக்கிறதுபோல. ஏணியின் ஐந்தாவது படி தெரிந்தது. ஆறாவது. ஏழாவது. துரு ஏறிய கம்பி, அதன் திருகாணி, எல்லாம் பளிச்சென்று. சுவரை ஒட்டி, அவன் நின்ற பக்கமாக, வெள்ளைத் திப்பி நிமிர்ந்து திரண்டிருந்தது.

அவன் எதிர்ப்பக்கம் போய் நின்றான்.

அதுவும் மெதுவாக வந்தது.

திரும்ப ஏணிப்பக்கம் ஓடிவந்தான். கொஞ்ச நேரத்தில் அதுவும் ஏணிப்பக்கம் வந்து நின்றது. ஜாடிக்குள் பார்த்ததே தொட்டிக்குள்ளும். ஆனால் இது ஆள் உயரம். எட்டாவது படியை வெள்ளையாக ஏதோ சுற்றிப் பிடித்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு விரல். கட்டைவிரல் இன்னும் சேரவில்லை. தண்ணீரில் மிதந்து வந்த பொடித் திப்பிகள் ஒவ்வொன்றாக அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நாற்றம் இல்லை. முட்டை நாற்றம் இல்லை, சோப்பு வாடை இல்லை, தன் துண்டில் இருந்த வியர்வை வாடைகூட இல்லை. எதுவுமே இல்லை.

பின்னுக்கு நகர்ந்தான். மூக்கு செத்துவிட்டது, அதனால் மூளையும் பிசகுகிறது, கண்ணில் படுவதெல்லாம் வாயு செய்கிற வேலை என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது.

"அண்ணா."

தங்கை கொட்டகை வாசலில் நின்றாள். தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ரெஜிஸ்டர். நாற்பத்தேழு நாளாக வாட்ச்மேனிடம் கெஞ்சியிருக்கிறாள், இன்றைக்குத்தான் மனசு இரங்கி எடுத்துக் கொடுத்தாராம். சத்தம் போடவில்லை. அவன் முன்னால் பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தாள்.

"இது அவர் கையெழுத்து இல்ல. அவரு அடியில கோடு போட மாட்டாரு. நீதான் போடுவ."

அவன் பக்கத்தை மூடக் கையை நீட்டினான், அவள் விரலை எடுக்கவில்லை.

"எங்க அனுப்பி வச்சிருக்க அவர? என்னைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லட்டும். நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். இருக்காரான்னு மட்டும் சொல்லு."

சொல்லிக்கொண்டே வந்தவளின் பார்வை அவன் தோளைத் தாண்டி மூலைக்குப் போயிற்று. ஒரே ஒரு மூட்டை மிச்சமிருந்தது. அதன் பக்கத்தில் நீலத் துணிப்பை. அதன் பிடியை அவளே கிழிந்த புடவைக் கரையால் தைத்திருந்தாள். போய் எடுத்தாள். உள்ளே கையை விட்டு, நசுங்கிய டப்பாவை வெளியே எடுத்துப் பார்த்தாள். டப்பாவையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்கதான் இருக்காரா?"

டங். டங். டங்.

இருவரும் திரும்பினார்கள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவன் பார்த்தான். அதைப்போல ஒரு பயங்கரத்தை அவன் அதுவரை கண்டதில்லை, தொட்டிக்குள் கண்டதும்கூட அதற்கு ஈடில்லை. அவள் சந்தோஷப்பட்டாள்.

"அவருதான். வீட்டுலயும் இப்படித்தான் கதவத் தட்டுவாரு. மூணு தட்டு."

"போகாத. வாயு இருக்கு. மூச்சு நின்னுடும்."

"நாத்தமே இல்லையே," என்றாள் அவள். மழைக்குள்ளிருந்து இப்போதுதான் வந்தவளுக்கும் இல்லை. வாயு அதற்குள் அவள் மூக்கையும் கொன்றுவிட்டதா? அல்லது நாற்றம் உண்மையிலேயே போய்விட்டதா? யோசித்து முடிப்பதற்குள் அவள் பையைக் கீழே போட்டுவிட்டு ஏணியில் காலை வைத்திருந்தாள்.

ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். நாலே எட்டு வைத்தால் போதும். ஆனால் கால் அந்தப் பக்கம் போக மறுத்தது. தொட்டிக்குப் பக்கத்தில் போவதற்கு இந்த உலகத்தில் எதைக் கொடுத்தாலும் அவனால் முடியாது. அவளைத் தடுக்க ஒரே வழிதான் இருந்தது, அது வாயில் இருந்தது. நாற்பத்தேழு நாளாக விழுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு படி.

இரண்டு படி.

"அவன் உயிரோட இல்ல," என்றான். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "வெளிய போகவே இல்ல. உள்ள இருந்தது தெரியாம வால்வத் தெறந்துட்டேன்."

அவள் நின்றாள். இடுப்புவரை தொட்டிக்குள். ஒரு கை மேல்கம்பியில், ஒரு கை விளிம்பில்.

"தெரியாமயா?"

மழை. தகரம். வேறு சத்தமில்லை.

"அன்னைக்கும் தட்டினான்," என்றான் அவன். "எனக்குக் கேட்டுச்சு."

அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே மூன்றாவது படியில் காலை வைத்தாள். நாலாவது படியில். தலை விளிம்புக்குக் கீழே போய்விட்டது. தண்ணீர் கால்விரலைத் தொடுகிற சத்தம் கேட்டது.

கால் எப்படி நகர்ந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. தவழ்ந்துதான் போனான். வழியில் கிடந்த ஸ்பேனர் கையில் தட்டுப்பட, அதையும் பிடித்துக்கொண்டான். விளிம்பில் மோவாயை வைத்து எட்டிப்பார்த்தான்.

பன்னிரண்டு அடியும் தெளிந்திருந்தது. அடிச்சல்லடையின் ஓட்டைகள்வரை எண்ணலாம். தொட்டி முழுக்க ஒரு பொட்டு அழுக்கு மிச்சமில்லை. எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கை வந்தது. அவசரமில்லாமல் வந்தது. அவள் பிடித்திருந்த கம்பிக்கு வந்து, அவள் கைமேல் படிந்தது. ஐந்து விரல். கட்டைவிரலும் சேர்ந்திருந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கத்தவில்லை. விரல்களுக்கு இடையிலிருந்து தண்ணீர் சொட்டியது, விரல்கள் மட்டும் உதிரவில்லை.

அதன் பின்னால் தலை வந்தது. முடி இல்லை. கண் இல்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு. வாய் திறந்திருந்தது, உள்ளேயும் வெள்ளை. இரண்டு பக்கமும் மட்டும் நிறம் வேறாக இருந்தது. கரையாமல் அப்படியே இருந்த இரண்டு பஞ்சு உருண்டைகள், காது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே.

இன்னொரு கை மேலே எழுந்து ஏணிக்கம்பியைத் தட்டியது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

பிறகு அது பதிலுக்காகக் காத்திருந்தது. அவன் கையில் ஸ்பேனர் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும். கை அசையவில்லை. கீழே, கை மேல் கை வைத்தபடி, கண்ணுள்ள முகமும் கண்ணில்லாத முகமும் பக்கத்தில் பக்கத்தில் அவனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.